ஐந்து புள்ளி

புகார் மனுவின் ஏழாவது பத்தியில்
நான் சொன்ன சொல் இல்லை.
அது இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து புள்ளி.
சொல்லில் நான்கு எழுத்துதான்.
தம்புச் செட்டித் தெருவில் தட்டச்சு செய்தவர்
முன்சொல்லையும் பின்சொல்லையும்
சற்றுத் தள்ளியே உட்காரவைத்திருந்தார்,
குடித்தவன் ஏறிய பேருந்தில் மற்றவர்கள் நகர்ந்துகொள்வதுபோல.

மூன்று பேர் குழு. முப்பத்தைந்தாம் பிரிவு.
ஜன்னலுக்கு வெளியே பாரிமுனையின் ஹாரன்கள்.
"வார்த்தை என்னன்னே தெரியாம
எப்படிம்மா விசாரிக்கிறது?" என்றார் தலைவர்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஹேமநாதனிடம் ஒரு துண்டுத்தாள் நீட்டினார்கள்.
எழுதினார். நான்காக மடித்தார்.
தாள் மேசையைச் சுற்றி வந்தது.
இரண்டாவது உறுப்பினர் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
கடைசியில் என்னிடம்.
இதுதானா?
இதுதான்.
ஆனால் வல்லின றகரத்துக்கு
இடையின ரகரம் போட்டிருந்தார்.
அண்ணா நகரில் வளர்ந்த பிள்ளை,
யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.
திருத்தப் போய், பேனாவை மூடிவிட்டேன்.

நடந்தது இதுதான்.
எண்ணூர் விரைவுச் சாலை, கண்டெய்னர் லாரி,
செத்தவர் தேசப்பன்,
காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர்.
கூண்டில் அவர் மனைவி நாகபூசணம்.
காப்பீட்டு நிறுவனத்துக்காக ஹேமநாதன் எழுந்து,
"தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
அப்போ வருமானமே இல்ல, சரிதானா?" என்றார்.
கேட்க வேண்டிய கேள்வி.
அவர் இடத்தில் நின்றால்
நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.
நாகபூசணம் விரல்களை மடித்து
எந்தெந்த நாள் அடுப்பு எரிந்தது என்று எண்ணத் தொடங்கினாள்.
எண்ணி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

பிறகு வராந்தாவில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில்,
சொன்னேன்.
மெதுவாக இல்லை.
நாகபூசணம் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஐயா, எங்க ஏரியால அது திட்டே இல்ல."
குழுவின் முன் இப்படித்தான் தொடங்கினேன்.
வலை கனத்தால் சொல்வார்கள்.
கேரம் போர்டில் சிவப்பு விழுந்தால் சொல்வார்கள்.
பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள்
கன்னத்தைக் கிள்ளிச் சொல்வார்கள்.
காசிமேட்டுக்கு அதுதான் வணக்கம் ஐயா.
சிரித்துவிட்டார்கள்.
"சினிமாலகூட வருதே" என்றார் மூன்றாமவர்.
ஹேமநாதனும் கொஞ்சம் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

சொன்னதில் பொய் இல்லை.
வலை, கேரம், கன்னம்,
எல்லாம் நான் பார்த்து வளர்ந்தவை.
எல்லாவற்றையும் வரிசையாக
என் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தினேன்.
குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் தெரியவில்லை.
விளக்க மனுவில் இன்னொன்றும் எழுதியிருந்தேன்:
சாட்சியைப் பார்த்து அவர் நகைத்தார் என்று.
நகைக்கவில்லை.
அன்று அவர் முகம் வங்கிச் செலான் மாதிரி இருந்தது.

கண்டனம் மட்டும்.
இனி கண்ணியம் காக்கவும். கோப்பு முடிந்தது.

படிக்கட்டில் ஹேமநாதன் பின்னால் வந்தார்.
"வியாழக்கிழமை வாதம் இருக்கு, மேடம்."
"தெரியும்."
இரண்டு படி இறங்கி, நின்று,
"நிஜமாவே கொஞ்சறதுக்கும் சொல்வாங்களா?"
"சொல்வாங்க."
"நீங்க?"
அதற்குள் என் கைபேசி அடித்தது நல்லதாயிற்று.
நாகபூசணம்.
"ஃபைன் கீன் போட்டாங்களாம்மா?
மார்க்கெட் பூரா சொல்லி வச்சிருக்கேன்,
எங்க வக்கீலு குடுத்தா பாரு ஒண்ணு!"

கல்மண்டபத்தில் இறங்கி நடந்தேன்.
ஐஸ் பெட்டி ஓரம் ஒரு பெண்
சங்கராத் தலையைக் கவ்விக்கொண்டு ஓடிய பூனையை
அதே சொல்லால் கூப்பிட்டாள்.
திட்டினாளா, கொஞ்சினாளா,
பூனைக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் கழுத்துப்பட்டையை ஊறவைத்துவிட்டுக்
கண்ணாடி முன் நின்று
கன்னம் கிள்ளுகிறவர்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன்.
மறுபடி. இன்னும் மெதுவாக.
றகரம் மட்டும் சரியாக விழுந்தது.